பதினோராம் மாடிக்குக் கூரை இல்லை

கிடங்கில் பாலெட் சரிந்து
வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாய்ப் போனதில்
ஆறு வாரம் விடுப்பு.
பத்தொன்பது வருடமாய் வாடகை கட்டும் செந்தூல் ஃபிளாட்டை
அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

யுகனேஸ் கைவிட்ட கட்டைகள்
மைலோ டின்னில் ஒன்றரை டின் கிடந்தன.
போதாதென்று பாசார் மாலாமில்
கிலோ பன்னிரண்டு வெள்ளிக்கு
நிறம் பார்க்காமல் அள்ளி வந்தான்.
"என்ன கட்டப் போறீங்க, கப்பலா?"
"வீடு."
"யாரு வீடு?"
"நம்ம வீடுதான்டா."
அவன் சிரிக்கவில்லை.
"அதுல கட்ட என்னப்பா இருக்கு" என்றான்.

கோமளாவின் தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
ரப்பர் தேய்ந்த ஊன்றுகோலோடு
டக் டக்கென்று மூலைக்கு மூலை அளந்தேன்.
ஓர் அடிக்கு ஒரு குமிழ்.
அந்தக் கணக்கில் சோபாவை வைத்தால்
உட்கார்ந்தவன் காலை நீட்ட முடியவில்லை.
சரிதான். நிஜத்திலும் அப்படித்தான்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க,
அடுப்படி அலமாரிக்கு எத்தனை கதவு?"
"நாலு."
"அஞ்சு. ஒண்ணு தெறக்காது.
தெறக்காததையும் கட்டுங்க."
கட்டினேன்.

சாமி மேடைக்குச் சிவப்பு கிடைத்தது.
குளியலறை வாளிக்கு
ஒரு தீயணைப்பு வீரனின் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்தோம்.
துணி காயும் கம்புக்குத் தேநீர்ப் பொட்டலத்து ஸ்ட்ரா.
வாசலில் குவியும் செருப்பு மட்டும்
எந்தக் கட்டையிலும் வரவில்லை.

சுவர் நான்கும் எழும்பியதும் கூரைக்குத் தேடினேன்.
சாய்ந்த ஓட்டுத் துண்டுகள் நிறைய இருந்தன,
பண்ணை வீட்டுக்கு, கோட்டைக்கு, நாய்க்கூண்டுக்குக் கூட.
எங்களுக்குக் கூரை இல்லை.
எங்கள் கூரை, பன்னிரண்டாம் மாடி யாப்பின் தரை.

அங்கேதான் இரவு இரண்டு மணிக்கு எதையோ இழுப்பார்கள்.
கர்ர்...
கொஞ்சம் நின்று, மறுபடி கர்ர்...
மூன்று வருடமாய்த் துடைப்பக் கம்பால்
சீலிங்கைக் குத்தியிருக்கிறேன்.
கட்டிலுக்கு நேர் மேலே சின்னச் சின்ன வட்டங்கள்,
நிலவின் முகம் மாதிரி.
அதை எதை வைத்துக் கட்டுவது?

"மேல போய், அவங்க தரை என்ன நிறம்னு பாத்துட்டு வா."
"பைத்தியமா உங்களுக்கு?"
என்றவள் கறிபாப் நான்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டு
படியேறினாள்.
லிஃப்ட் ஒன்பதில் நிற்கும், பன்னிரண்டில் நிற்கும்,
எங்கள் மாடியை அது அறியாது.

முக்கால் மணி நேரம்.

வந்தவள் முதலில் தண்ணீர் குடித்தாள்.
யாப்பின் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லையாம்.
இரவில் கழிவறைக்குக் கொண்டுபோக ஒரு நாற்காலி,
அதில் ஒரு சக்கரம் சுற்றுவதில்லையாம்.
"பச்சை" என்றாள் பிறகு.
"தரை முழுக்கப் பச்சைப் பாய். ரெண்டு அடுக்கு.
கீழே நமக்குச் சத்தம் கேக்கக் கூடாதாம்."

நான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தேன், மெதுவாக.
பத்தாம் மாடி ரொஹானாவின் வீட்டில்
ஐந்து வாரமாய் நான் என்ன சத்தம்?
அவள் ஒருநாளும் குத்தவில்லை.

பூங்காப் பெட்டியிலிருந்து வந்த பச்சைப் பலகை ஒன்று,
எங்கள் வீட்டைவிடச் சுற்றிலும் மூன்று குமிழ் பெரிசு.
அழுத்தினால் பிடிக்கவில்லை,
சும்மா மேலே உட்கார்ந்துகொண்டது.
ஐந்து கதவும் தொப்பி வாளியும் மறைந்துபோயின.
"மூடிட்டா எப்படிப் பாக்குறது?"
"ஜன்னல் வழியாப் பாரு."

கோமளா என் பழைய காலுறைகளை
ஊன்றுகோல் நுனியில் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.
யுகனேஸ் டின்னைக் கவிழ்த்துச் சக்கரம் பொறுக்கினான்.
ஒரு நாற்காலி செய்தான்,
நான்கு சக்கரமும் சுற்றுகிற நாற்காலி.
பச்சைத் தரையில் வைத்து
விரலால் தள்ளினான்.

குமிழ்கள் மேல் ஏறி இறங்கி
அதுவும்
கர்ர் என்றது.